வாசகர் கேள்வி – பதில்: சைலன்சர் பிராக்கெட் ஏன் மீண்டும் மீண்டும் ஒடிகிறது?

பழைய பயண மோட்டார் சைக்கிள்களின் சைலன்சரையும், எஞ்சினிலிருந்து புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் வளைந்த குழாயான பெண்ட் பைப்பையும் தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட், புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம்), ஸ்டட் (தலையில்லாமல் இரு முனையிலும் மரையுள்ள போல்ட்) ஆகியவை குறித்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் அனுப்பியிருந்த இடங்களில், வண்டியின் நிலையை விரிவாக எழுதியிருந்த கடிதம் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

கேள்வி: என்னிடம் 2010ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு ட்வின்ஸ்பார்க் 350 இருக்கிறது. இரண்டு பக்கமும் பெட்டிகள் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போவது வழக்கம். சைலன்சரின் பின்பக்க பிராக்கெட், சைலன்சரோடு பற்றவைக்கப்பட்டிருக்கும் இடத்தில் ஒடிந்தது. வெல்டிங் பட்டறையில் பற்றவைத்தேன். சில மாதங்களில் பற்றவைத்த இடத்தை ஒட்டியே மறுபடியும் விரிசல் விட்டது. இன்னும் கனமாகப் பற்றவைத்தும் பயனில்லை. புதிய சைலன்சர்தான் வாங்க வேண்டுமா? — திண்டுக்கல் வாசகர்

பதில்: புதிய சைலன்சர் வாங்கிப் பொருத்தினாலும், இப்போதைய நிலையில் அதன் பிராக்கெட்டும் ஒடியவே வாய்ப்பு அதிகம். விரிசல் பற்றவைப்பின் நடுவில் விழாமல் அதன் ஓரத்தில் விழுந்திருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதே இதற்குச் சான்று. பற்றவைப்பு மோசமாக இருந்திருந்தால் அதுவே பிளந்து பிரிந்திருக்கும். ஓரத்தில் விழும் விரிசல், தகடு ஓயாமல் முன்னும் பின்னும் வளைந்து களைத்துப்போனதைக் காட்டுகிறது. அங்கே மேலும் மேலும் உலோகத்தை ஏற்றினால், கனமான பற்றவைப்புக்கும் மெல்லிய தகட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு கூடி, அடுத்த விரிசல் இன்னும் விரைவாகவே வரும்.

ஆகவே அந்தத் தகட்டை வளைப்பது எது என்று முதலில் தேட வேண்டும். உங்கள் வண்டியின் எஞ்சின் 346 சிசி கொள்ளளவும், 70 மி.மீ. போரும் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம்) கொண்ட ஒற்றை சிலிண்டர் எஞ்சின். பிற்காலத்தில் வந்த மீட்டியர் 350இன் எஞ்சினில் இருக்கும், அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இதில் கிடையாது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது பிஸ்டன் நொடிக்கு 50 முறை மேலும் கீழும் போய்வருகிறது; அதாவது ஒரு மணி நேரத்தில் 1,80,000 உலுக்கல்கள். பெண்ட் பைப்பின் ஒரு முனை சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டில் இறுக்கப்பட்டிருப்பதால் எஞ்சினோடு சேர்ந்து ஆடுகிறது. சைலன்சரின் பின்முனையோ வண்டியின் உடற்சட்டமான சேஸியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினும் சேஸியும் ஒன்றாக ஆடும்வரை பிராக்கெட்டுக்கு அதிகச் சுமை இல்லை. எஞ்சினைச் சேஸியில் பிடிக்கும் போல்ட்டுகளில் ஒன்றிரண்டு தளர்ந்து, இரண்டும் தனித்தனியே ஆடத் தொடங்கிவிட்டால், அந்த வேறுபாடு முழுவதும் சைலன்சர் பிராக்கெட்டில்தான் போய் விழும். பழைய வண்டியில் பிராக்கெட் ஒடிந்தது என்று கேள்விப்பட்டால் முதலில் எஞ்சின் போல்ட்டுகளைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். பட்டறைகளில் பெரும்பாலும் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஒடிந்த இடத்தை ஒட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

அடுத்தது வெப்பம். எஃகு ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு நீள்கிறது. ஒரு மீட்டர் நீளக் குழாயின் வெப்பநிலை சராசரியாக 300 டிகிரி உயர்ந்தால் அது 3.6 மி.மீ. நீளும். முன்முனை ஹெட்டில் அசையாமல் நிற்பதால், நீண்டது பின்பக்கம் போக இடம் வேண்டும். கிளாம்பிலும் பிராக்கெட்டின் துளையிலும் அதற்கான சிறு இடைவெளி இருக்கும். சைலன்சரைக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்துப் பிடித்து மாட்டியிருந்தால் அந்த இடைவெளி முன்பே தீர்ந்துபோய்விடுகிறது.

வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, சைலன்சருக்கு அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, பின்பக்க பிராக்கெட்டின் நட்டை மெதுவாகக் கழற்றி போல்ட்டை வெளியே இழுங்கள். போல்ட் விரலாலேயே வந்துவிட்டால் சைலன்சர் தனக்குரிய இடத்தில் இருக்கிறது. போல்ட்டைத் தட்டி எடுக்க வேண்டியிருந்தாலோ, எடுத்தவுடன் பிராக்கெட் துள்ளி ஒதுங்கினாலோ, துளைகள் எத்தனை மி.மீ. விலகி நிற்கின்றன என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கட்டிலின் ஒரு கால் குட்டையாக இருக்கும்போது அதைக் கயிறு போட்டுத் தரையோடு இழுத்துக் கட்டியதைப் போல, அத்தனை நாளும் அந்த விலகலை போல்ட் ஒன்றே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது என்று பொருள். பெட்டிகள் கட்டும் வண்டியில் இந்த விலகலுக்கு அடிக்கடி காரணமாவது பெட்டியைத் தாங்கும் சட்டம். வெளியில் வாங்கிப் பொருத்தும் சட்டங்கள் பலவற்றில் சைலன்சரின் போல்ட்டையே சட்டத்துக்கும் பயன்படுத்தியிருப்பார்கள். அப்போது சட்டத்தின் தகடு நடுவில் புகுந்து, சைலன்சரை அந்தத் தடிமன் அளவுக்கு வெளியே தள்ளிவிடும். பெட்டியின் எடை குழிகளில் துள்ளும்போது அந்த அடியையும் சைலன்சர் பிராக்கெட்டே வாங்கும். உங்கள் வண்டியிலும் அப்படித்தான் இருக்கிறது என்றால், சட்டத்துக்கு வேறு இடத்தில் தனிப் பிடிமானம் செய்துகொடுக்காமல் பிராக்கெட்டைத் தொடுவதில் பயனில்லை.

இவற்றைச் சரிசெய்த பிறகு பற்றவைப்புக்கு வரலாம். சைலன்சரை வண்டியிலிருந்து கழற்றித்தான் பற்றவைக்க வேண்டும். வண்டியிலேயே வைத்துப் பற்றவைத்தால், எர்த் கிளாம்ப் மாட்டிய இடத்தைப் பொறுத்து, மின்னோட்டம் பேரிங்குகள் வழியாகவோ மின் இணைப்புகள் வழியாகவோ போய்ச் சேதம் விளைவிக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகில் எர்த் கிளாம்பை மாட்டச் சொல்லுங்கள். விரிசலின் முனையைக் கண்டறிந்து அங்கே 3 மி.மீ. துளை இட்டால் விரிசல் மேலும் ஓடாது. பழைய பற்றவைப்பு முழுவதையும் கிரைண்டரால் தேய்த்தெடுத்து, பற்றவைக்கும் இடத்தைச் சுற்றியுள்ள குரோம் பூச்சையும் நீக்கிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். குரோம் பூச்சு எரியும்போது எழும் புகை நச்சுத்தன்மை உடையது. அதன் மேல் பற்றவைப்பும் ஒழுங்காகப் பிடிக்காது.

பிராக்கெட்டை நேராகச் சைலன்சரின் மெல்லிய உடலில் பற்றவைக்காமல், இடையில் உள்ளங்கை அகலத்தில், சைலன்சரின் வளைவுக்கு ஏற்ப வளைத்த ஒரு தகட்டை வைத்து, அதன் மேல் பிராக்கெட்டைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். தகட்டின் மூலைகள் உருண்டையாக இருப்பது முக்கியம். கூர்மையான மூலையில்தான் அடுத்த விரிசல் பிறக்கும். கூலியில் சற்றுக் கூடுதலானாலும், பிராக்கெட்டின் வழியே வரும் விசை ஒரு கோட்டில் குவியாமல் பரந்து போவதற்கு இதுவே வழி. சாதாரண எஃகுச் சைலன்சருக்கு மிக் வெல்டிங் (கம்பி தானாக ஊட்டப்படும் வகை) நன்றாகவே பொருந்தும். துருப்பிடிக்காத எஃகில் செய்த சைலன்சராக இருந்தால் டிக் வெல்டிங்கும் (டங்ஸ்டன் முனையால் உருக்கும் வகை), 304 ரகத்துக்கு 308 எல் நிரப்புக் கம்பியும் ஏற்றவை. அதனோடு சாதாரண எஃகுப் பிராக்கெட்டைச் சேர்க்கவேண்டி வந்தால் 309 எல் கம்பியைக் கேளுங்கள்.

திரும்ப மாட்டும்போது எல்லா நட்டுகளையும் விரலால் மட்டும் திருகி, குழாயும் சைலன்சரும் தாமாக அமைய விடுங்கள். ஹெட்டில் உள்ள இரண்டு நட்டுகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக முதலில் இறுக்கவும். பிறகு பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் கிளாம்ப். பின்பக்க பிராக்கெட் எப்போதும் கடைசியில்தான். அப்போதும் துளைகள் பொருந்தவில்லை என்றால், சைலன்சரை இழுக்காமல், இடைவெளியின் அளவுக்கு வாஷர்களை வைத்து நிரப்புங்கள். சில பட்டறைகளில் வசதிக்காகப் பின்பக்கத்தை முதலில் இறுக்கிவிட்டுக் கடைசியில் ஹெட்டுக்கு வருகிறார்கள். மறுபடியும் ஒடிவதற்கு அந்த ஒரு பழக்கமே போதும்.

கேள்வி: பெண்ட் பைப்பைக் கழற்றும்போது ஹெட்டில் இருந்த ஸ்டட் முறிந்துவிட்டது. ஹெட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அது உண்மையா? — ஈரோடு வாசகர்

பதில்: ஹெட்டை மாற்றுவது எல்லா வழிகளும் அடைபட்ட பிறகு செய்யும் வேலை. முறிந்த ஸ்டட் ஹெட்டுக்கு வெளியே சிறிதளவாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீட்டிக்கொண்டிருந்தால், துருவை இளக்கும் எண்ணெயை இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் அந்த முனையின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் உள்ளே பற்றவைத்து, அது ஆறிவரும்போது ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். பற்றவைப்பின் சூடு துருவின் பிடியைத் தளர்த்துவதே இந்த முறையின் பலம்.

ஹெட்டைச் சூடாக்குவதும் உதவும். அலுமினியம் வெப்பத்தில் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், ஹெட்டைச் சூடாக்கினால் துளை சற்றே பெரிதாகி ஸ்டட்டைப் பிடித்திருக்கும் இறுக்கம் தளரும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி அப்பால் வைத்துவிட்டு, சூடான காற்று ஊதும் கருவியால் செய்வதே பாதுகாப்பு. நேரடி நெருப்பைக் காட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்டட் ஹெட்டோடு சமமாகவோ உள்ளேயோ முறிந்திருந்தால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஸ்டட்டின் நடு மையத்தில் பஞ்ச் அடித்து, சிறிய டிரில்லில் தொடங்கி, படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். இடது பக்கம் சுற்றும் டிரில் பிட் கிடைத்தால், துளையிடும்போதே ஸ்டட் சுழன்று வெளியே வந்துவிடுவதும் உண்டு. எட்டு மி.மீ. ஸ்டட்டுக்கு உரிய மரை வெட்டும் துளை 6.8 மி.மீ.; மையம் விலகாமல் அதற்குச் சற்றுக் குறைவான அளவுவரை போய்விட்டால் மீதமிருக்கும் மெல்லிய சுருளைக் கொக்கியால் உரித்தெடுக்கலாம். மையம் விலகி மரை கெட்டுவிட்டால் ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதிலாகச் செருகும் கம்பிச் சுருள்) போடுவது நம்பகமான தீர்வு. நல்ல லேத் பட்டறையில் இது அன்றாட வேலை. ஒரேயொரு எச்சரிக்கை: முறிந்த ஸ்டட்டை எடுக்க என்று விற்கப்படும் கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டரைத் துருவேறிய ஸ்டட்டில் பலமாகத் திருப்பாதீர்கள். கடினமாக்கப்பட்ட எஃகில் செய்த அந்தக் கருவி துளைக்குள் முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது. அப்போதுதான் உங்கள் மெக்கானிக் சொன்னதை யோசிக்க வேண்டிவரும்.

இன்னும் முறியாத ஸ்டட் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்கலாம். நட்டு அசைய மறுத்தால் ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி நீளம் கூட்டி இழுக்க வேண்டாம். கால் சுற்று முன்னும், கால் சுற்று பின்னுமாக ஆட்டிப்பார்த்து, அதற்கும் இசையாவிட்டால் நட்டின் ஒரு பக்கத்தை கிரைண்டரால் வெட்டிப் பிளந்து எடுத்துவிடுங்கள். நட்டு சில ரூபாய்தான். புதிதாக மாட்டும்போது மரை இறுகிப்போகாமல் தடுக்கும், செம்பு கலந்த ஆன்டி-சீஸ் பசையைச் சிறிதளவு மரையில் தடவி, பித்தளை நட்டு அல்லது செம்பு பூசிய நட்டைப் போட்டால் அடுத்த முறை இந்தத் துன்பம் இராது. அலுமினியத்தில் நிற்கும் எட்டு மி.மீ. ஸ்டட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் அளவிலான இறுக்கமே பொதுவாகப் போதும். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பசை தடவிய மரையில் அதைவிடச் சற்றுக் குறைத்தே இறுக்குங்கள். இணைப்பின் நடுவே வைக்கும், நசுங்கி அடைக்கும் வகைக் கேஸ்கெட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.

கேள்வி: என் தந்தையார் ஓட்டிய பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டை இப்போது நான் பயணங்களுக்கு எடுத்துச் செல்கிறேன். ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது. பெண்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் கரி படிந்திருக்கிறது. எபாக்ஸி பூசியும் நிற்கவில்லை. — காரைக்குடி வாசகர்

பதில்: உங்கள் வண்டியில் பெண்ட் பைப்பை ஹெட்டோடு பிணைக்க ஸ்டட்டோ நட்டோ கிடையாது. குழாயின் முனை ஹெட்டின் துளைக்குள் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். அது வெளியே நழுவாமல் பார்த்துக்கொள்வது கீழே உள்ள பிராக்கெட்டுகளின் வேலை. ஆகவே கரி மேலே படிந்தாலும் கோளாறு கீழே இருக்க வாய்ப்பு உண்டு. கீழ்ப் பிராக்கெட்டின் துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கும். அல்லது யாரோ ஒருவர் வேறு வண்டியின் பெண்ட் பைப்பை வளைத்துப் பொருத்தியிருப்பார். குழாய் மெல்ல மெல்ல வெளியே ஊர்ந்து வர, இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாமல் வந்த பெட்ரோல் அந்தக் காற்றோடு சேர்ந்து சைலன்சருக்குள் எரிவதே நீங்கள் கேட்கும் வெடிச்சத்தம்.

கடைகளில் கிடைக்கும் சாதாரண எபாக்ஸி அந்த இடத்தின் சூட்டைத் தாங்காது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிராக்கெட் துளையை நிரப்பிப் பற்றவைத்துச் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். குழாயை ரப்பர் சுத்தியலால் தட்டி முழுவதும் உள்ளே அனுப்பிய பிறகு, அந்த நிலையில் பிராக்கெட்டின் துளைகள் இயல்பாகப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். குழாயின் முனையே தேய்ந்து தளர்ந்திருந்தால் லேத் பட்டறையில் அதைச் சற்று விரித்துக் கொடுப்பார்கள். எக்ஸாஸ்டுக்கென்று தனியாக விற்கும், சூட்டில் இறுகும் பசையைக் கடைசியில் மெல்லியதாகப் பூசலாம்; பிராக்கெட் செய்ய வேண்டிய வேலையை அந்தப் பசை செய்யாது. கசிவு நின்றதா என்று அறிய, எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஓடவிட்டு, சைலன்சரின் வாயை மடித்த கனத்த துணியால் சில நொடிகள் பாதி மூடி, இணைப்பில் சோப்பு நீரைத் தெளித்துக் குமிழி வருகிறதா என்று கவனியுங்கள்.

கேள்வி: எனது பழைய 220 சிசி வண்டியில் சைலன்சர் ரப்பர் புஷ்ஷில் தொங்குகிறது. புஷ் விரைவில் நைந்துபோகிறது. மெக்கானிக் டயர் துண்டை வெட்டி வைத்துத் தருகிறார். இது போதுமா? — நாகர்கோவில் வாசகர்

பதில்: வீடு வந்து சேரப் போதும். டயர் ரப்பர் உராய்வைத் தாங்கச் செய்யப்பட்டது. சைலன்சரின் அருகே தொடர்ந்து வரும் சூட்டில் சில வாரங்களிலேயே இறுகி வெடித்துவிடும். இயற்கை ரப்பர் நீடித்து உழைக்கக்கூடிய வெப்பநிலை 70–80 டிகிரி அளவில்தான். ஈபிடிஎம் எனப்படும் செயற்கை ரப்பர் 120 டிகிரிக்கு மேலும் தாங்கும். சிலிகான் ரப்பர் 200 டிகிரி வரை போகும், ஆனால் எளிதில் கிழியும். சைலன்சர் தொங்கும் இடத்துக்கு ஈபிடிஎம் புஷ்ஷே பொருத்தமானது என்பது என் கருத்து. கம்பெனி புஷ் கிடைக்காவிட்டால், கார்களின் சைலன்சருக்கென்று விற்கும் புஷ்களில் அளவு ஒத்ததைத் தேடிப் பார்க்கலாம்.

ஆனால் உங்கள் புஷ் விரைவாக நைவதற்கு ரப்பரின் தரம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. நல்ல புஷ்ஷின் நடுவே ஒரு சிறிய எஃகுக் குழல் இருக்கும். அதை காலர் என்பார்கள். போல்ட்டை இறுக்கும்போது அழுத்தம் முழுவதையும் அந்தக் காலர் வாங்கிக்கொள்ள, ரப்பர் சுதந்திரமாக அசையும். பழைய வண்டியைக் கழற்றி மாட்டும்போது இந்தக் காலர்தான் முதலில் தொலைந்துபோகும். காலர் இல்லாத இடத்தில் போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு ரப்பர் நசுங்கி, அசையும் தன்மையை இழந்து, ஓரங்களில் அறுந்துவிடும். பழைய புஷ்ஷை எடுத்துப் பாருங்கள். காலர் இல்லையென்றால், ரப்பரின் தடிமனைவிட மிகச் சிறிதளவு நீளமாக ஒரு குழலை லேத்தில் வெட்டி வாங்கி உள்ளே செருகுங்கள். ஒரே சைலன்சரைத் தாங்கும் புஷ்கள் இரண்டாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றவும். பழையது ஒன்று தொய்ந்து நின்றால் புதியது மட்டும் எல்லாச் சுமையையும் வாங்கும்.

கேள்வி: மலைப்பாதையில் போகும்போது பிராக்கெட் ஒடிந்து சைலன்சர் தொங்கினால் என்ன செய்வது? — கோயம்புத்தூர் வாசகர்

பதில்: முதலில் குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்கள். கட்டட வேலைக்குப் பயன்படும் கட்டுக்கம்பி ஒரு சுருளும், பெரிய ஹோஸ் கிளிப்புகள் இரண்டும், கட்டிங் பிளையரும் பயணப் பையில் இருந்தால் இதைச் சமாளித்துவிடலாம். நைலான் கயிறும் பிளாஸ்டிக் டையும் உருகிவிடும். கம்பியை மூன்று நான்கு மடிப்பாக எடுத்து, சைலன்சரை ஒரே இடத்தில் கட்டாமல் இரண்டு இடங்களில், ஒன்று மேல்நோக்கியும் மற்றது வண்டியின் உள்பக்கம் நோக்கியுமாகச் சேஸியோடு கட்டுங்கள். பிரேக் குழாய், வயர்கள், பின்சக்கரம் ஆகியவற்றைக் கம்பி தொடக்கூடாது. பின்சக்கரம் மேலும் கீழும் போகும்போது அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் சைலன்சரில் இடிக்கிறதா என்பதை, ஒருவரை வண்டியில் உட்கார்ந்து அழுத்தச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். அந்தப் பக்கத்துப் பெட்டியைக் கழற்றி இருக்கையின் மேல் கட்டிக்கொண்டு, வேகத்தைக் குறைத்து அடுத்த ஊர்வரை போகலாம். சைலன்சரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறும் பெண்ட் பைப்போடு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். குழாயின் முனையிலிருந்து வரும் சூடான வாயு உங்கள் காலையோ பெட்டியையோ பதம்பார்க்கும் என்பதோடு, சைலன்சர் இல்லாமல் சாலையில் ஓட்டுவது மத்திய மோட்டார் வாகன விதிகளுக்கும் எதிரானது.

கேள்வி: சைலன்சர் நட்டு அடிக்கடி கழன்று விழுகிறது. நைலாக் நட்டு போடலாமா? — வேலூர் வாசகர்

பதில்: ஹெட்டின் அருகே வேண்டாம், உள்ளே உள்ள நைலான் வளையம் 120 டிகிரிக்கு மேல் இளகிப் பிடியை இழக்கும். அங்கே முழுவதும் உலோகத்தாலான லாக் நட்டைக் கேட்டு வாங்குங்கள். சைலன்சரின் உடலிலிருந்து தள்ளி, சேஸியோடு சேரும் பின்பக்க போல்ட்டுக்கு நைலாக் போடுவதில் தடையில்லை. ஆனால் ஒருமுறை கழற்றியதை மறுபடி பயன்படுத்த வேண்டாம். புதிதாக மாட்டிய பிறகு, வண்டி இரண்டு மூன்று முறை நன்றாகச் சூடாகி ஆறியதும் எல்லா நட்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள்; கேஸ்கெட் நசுங்கி அமைவதால் அப்போது அவை சற்றுத் தளர்ந்திருப்பது இயல்பு.